காதும் தொங்கட்டானும் சோடி ஒன்று

ஒரு தழும்பை இரண்டாகப் பிரித்து, பாதி புருஷனுக்கு, பாதி பெண்சாதிக்கு என்று கோட்டில் நின்று வாதாடினார்கள் என்றால் யார் நம்புவார்கள்? நம்பாவிட்டால் போங்கள். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தேழாம் ஆண்டு, கொழும்புப் புதுக்கடை நீதிமன்றத்தில், பட்டப்பகலில், மேலே மின்விசிறி சுற்றச் சுற்ற இது நடந்தது. அந்தத் தழும்புகள் இருந்த காதுகளுக்குச் சொந்தக்காரி நாகமுத்து ஒரு வாங்குப் பலகையின் ஓரத்தில் ஒடுங்கியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வழக்கில் அவளுக்கு வேண்டியிருந்தது ஒரேயொரு போத்தல்.

போத்தலுக்குப் போகுமுன் காதுகளைப் பற்றிச் சொல்லவேண்டும்.

நாகமுத்து யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதிக்காரி. காது வளர்க்கிற வழக்கம் நாகரிகமான வீடுகளில் எப்போதோ நின்றுபோய்விட்டது. ஆனால் அவளுடைய தாய் சரியான பிடிவாதக்காரி. மகளின் காதைக் குத்தி, பஞ்சு திணித்து, எண்ணெய் பூசி, ஈயக்கட்டி தொங்கவிட்டு, ஐந்து வருஷம் மினக்கெட்டு அந்தக் காதுகளைத் தோள்வரைக்கும் இறக்கினாள். புண் வந்த நாட்களில் பிள்ளையை மடியில் போட்டு வாயால் ஊதி ஊதி ஆற்றினாள். கலியாணம் பேசி வந்தபோது மாப்பிள்ளை பகுதியார் அந்தக் காதுகளையும் அவற்றில் கிடந்த தங்கத் தொங்கட்டானையும் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டினார்கள். மாப்பிள்ளை பாலசுந்தரமும் அன்று தலையாட்டினார். நீங்கள் இதை ஞாபகம் வைத்திருங்கள், ஏனென்றால் அவர் மறந்துவிட்டார்.

இருபத்திரண்டு வருஷத்தில் பாலசுந்தரம் கொழும்புக் கோட்டையில் ஒரு அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கராகி, வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக வீடெடுத்து, கோட்டும் டையும் கட்டி, வளர்த்த நாய்க்கு ஜிம்மி என்று பெயரும் வைத்துவிட்டார். வீட்டில் எல்லாம் இங்கிலீசாகிவிட்டது. பெண்சாதியின் காது மாத்திரம் தீவுப்பகுதியிலேயே நின்றது. அது அவர் கண்ணில் உறுத்திக்கொண்டே இருந்தது.

அந்த உறுத்தல் வெடித்தது ஒரு தேநீர் விருந்தில். கந்தோர்த் துரை கிளாக்கர்மாரை மனைவிமாரோடு தன் வீட்டுப் புல்தரைக்குக் கூப்பிட்டிருந்தார். துரைசாணி நாகமுத்துவைக் கண்டதும் கேக்குத் தட்டை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கமராவைக் கொண்டுவரச் சொல்லி, நேரே நிற்கவைத்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முதுகுப் பக்கமாக ஒன்று என்று படம் பிடித்தாள். நாகமுத்துவுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. தாய் செத்தபிறகு அந்தக் காதுகளை அவ்வளவு ஆசையோடு ஒருவரும் பார்க்கவில்லை. பாலசுந்தரத்துக்கோ உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மற்றக் கிளாக்கர்மார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை அவர் கண்டுவிட்டார்.

"கண்காட்சிக்குக் கூட்டிக்கொண்டு போனமாதிரிப் போச்சு," என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் குமுறினார். "அடுத்தமுறை உந்தக் காதோடை நீர் அங்கை வரேலாது."

"அப்ப நான் வரேல்லை," என்றாள் நாகமுத்து.

"வராமல் விடவும் ஏலாது. கடிதத்திலை மிஸ்டர் அண்ட் மிஸிஸ் எண்டு போட்டிருக்கு."

இப்படிப்பட்ட மனிதரோடு என்ன கதைக்கிறது?

கொட்டாஞ்சேனையில் டொக்டர் றேமண்ட் என்று ஒரு பறங்கிக்காரர் இருந்தார். வளைந்த மூக்கை நிமிர்த்துவார், ஆறாம் விரலை எடுப்பார், வளர்த்த காதை வெட்டித் தைத்துச் சின்னக் காதாக்குவார். அவருக்கு ஒரு பழக்கம்: வெட்டிய எதையும் எறியமாட்டார். எல்லாவற்றையும் போத்தலில் போட்டு, ஸ்பிரிட் ஊற்றி, பெயர் ஒட்டி, கண்ணாடி அலுமாரியில் வரிசையாக அடுக்கிவைத்திருந்தார். வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு மனிதர் பெரிய கெட்டிக்காரர்தான் என்று நம்பினார்கள்.

பாலசுந்தரம் பெண்சாதியை அவரிடம் கூட்டிப்போனார். டொக்டர் சம்மதக் கடதாசியை நீட்டினார். பாலசுந்தரம் கண்ணாடியை மாட்டி, அதிலிருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டு, கீழே தன் கையெழுத்தை வைத்தார். நாகமுத்து அந்த மேசைக்கு இரண்டு முழம் தள்ளி ஒரு கதிரையில் இருந்தாள். வெட்டப்போவது அவளுடைய காதை. அவளை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. காலையில் நோனா என்ன சாப்பிட்டது என்று மாத்திரம் டொக்டர் கேட்டார்; வருகிற பெண்களையெல்லாம் அவர் நோனா என்றுதான் கூப்பிடுவார். பிட்டு என்றாள். விறைக்கிற ஊசி போட்டார்கள், வெட்டினார்கள், தைத்தார்கள், முடிந்தது.

கட்டு அவிழ்த்தபோது காதுகள் சின்னதாகத்தான் இருந்தன, பொய் சொல்லக்கூடாது. பாலசுந்தரம் பூரித்துப்போய் ஒரு சோடி வெள்ளைக்கல்லுத் தோடு வாங்கிவந்தார். இரண்டு மாதம் போக, தையல் போட்ட இடம் கடித்து அரிக்கத் தொடங்கியது. பிறகு சிவந்தது. பிறகு பொங்கியது. நாலாம் மாதம் பார்த்தால் இடது காதில் புளியங்கொட்டை அளவில் ஒரு தழும்பு, வலது காதில் பலாக்கொட்டை அளவில் ஒரு தழும்பு. இரண்டும் மினுமினுவென்று திரண்டு நின்றன. தோடு போடவும் இடமில்லை, தொங்கட்டான் போடவும் காதில்லை.

பக்கத்து வீட்டு ஹமீமா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தவள் நெஞ்சில் கையை வைத்தாள். அவள் துணி வியாபாரி ஹாஷிமின் மனைவி. அவளுடைய காது மடலில் மேலிருந்து கீழே பத்து வளையங்கள் கிடந்தன.

"யா அல்லாஹ்! என்னக்கா இது? காதுல காய் காய்ச்சீக்கி!"

"தையல் போட்ட இடம் தங்கச்சி. பொங்கிப்போச்சு."

"அது கெடக்கட்டும். வெட்டின துண்டு ரெண்டும் எங்க?"

நாகமுத்து விழித்தாள். அந்தக் கேள்வி அவளுக்கு அதுவரை தோன்றவேயில்லை.

"அங்கைதான். டொக்டரிட்டை."

"அங்க உட்டுப்போட்டா வந்தீங்க? எங்கட ஆக்கள் நெகம் வெட்டினாலும் மண்ணுல பொதைப்பாங்கக்கா. உங்கட ஒடம்புத் துண்டு அது. அந்நியன் ஊட்டு அலுமாரில வெச்சிட்டு எப்படித்தான் சோறு எறங்குது ஒங்களுக்கு?"

அதற்குப் பிறகு உண்மையாகவே சோறு இறங்கவில்லை. நாளைக்குச் செத்துப்போனால் உடம்பைக் கட்டையில் அடுக்கி எரிப்பார்கள். எல்லாம் போகும், அந்த இரண்டு துண்டும் கொட்டாஞ்சேனையில் நிற்கும். செத்தபிறகு போய்ச் சேருகிற அந்தப் பக்கத்தில் அம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். நாகமுத்துவுக்குத் தன் தாயைத் தெரியும். எப்படிப் பிள்ளை சுகம் என்று கேட்கமாட்டாள், முதலில் காதைத்தான் பார்ப்பாள். ஐந்து வருஷம் நான் பட்ட பாட்டை எங்கே தொலைத்தாய் என்று கேட்டால் என்ன மறுமொழி சொல்வது?

மறுநாள் புருஷன் கந்தோருக்குப் போனதும் சேலையை மாற்றிக்கொண்டு தனியாகப் புறப்பட்டாள். கொழும்புக்கு வந்த இத்தனை வருஷத்தில் அவள் தனியாக பஸ் ஏறியது அதுதான் முதல் தடவை. கொட்டாஞ்சேனையில் நாலு பேரிடம் வழி கேட்டு, வியர்க்க விறுவிறுக்கப் போய்ச் சேர்ந்தாள்.

போத்தல் இரண்டாம் தட்டில் இருந்தது. ஒரு பக்கத்துப் போத்தலில் யாரோ ஒருவரின் தொண்டைச் சதை, மறுபக்கத்தில் யாருடையதோ ஆறாம் விரல். நடுவில் அவளுடைய காதுத் துண்டுகள், இரண்டும் வெளிறிப்போய், ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மிதந்தன. பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கியது.

"அதைத் தாங்கோ டொக்டர் ஐயா. நான் கொண்டுபோறன்."

"ஐயோ நோனா, அது குடுக்க ஏலாது. அது சயன்ஸ். இவ்வளவு நீளம் இப்ப எங்க கிடைக்குது? டொக்டர்மார் மீட்டிங்ல காட்டணும்."

"அது என்ரை காதெல்லோ?"

"நோனாட காது நோனாட தலையில இருக்குதானே. இது மிச்சம்."

மிச்சமாம்! மனிதர் நல்லவர்தான், தேத்தண்ணி கூடக் கொடுத்தார். ஆனால் அலுமாரியைப் பூட்டித் திறப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டுதான் கொடுத்தார். நாகமுத்து வெறுங்கையோடு திரும்பி வந்தாள்.

இந்த நிலையில் துரை வீட்டில் இரண்டாவது தேநீர் விருந்து வந்தது. பாலசுந்தரம் பெண்சாதியின் தலைமயிரைக் காதுக்கு மேலால் இழுத்துவிடச் சொல்லிக் கூட்டிப்போனார். வாசலிலேயே ஒரு பெரிய படம் கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொங்கியது. அது நாகமுத்துவின் பழைய காதுகள். வந்தவர்கள் எல்லாரும் அதன் முன்னால் நின்று ஆகா என்றார்கள். துரைசாணி ஓடிவந்து நாகமுத்துவின் மயிரை விலக்கிப் பார்த்தாள். அவளுடைய முகம் செத்துவிட்டது. எந்தக் கசாப்புக்காரன் இந்த வேலையைச் செய்தான் என்று எல்லார் முன்னாலும் கேட்டாள்.

பாலசுந்தரத்துக்கு அந்த இங்கிலீசு நன்றாக விளங்கியது. விளங்காமல் இருந்திருந்தால் நல்லது. காதை வெட்டுவித்தது தான்தான் என்று சொல்ல வாய் வருமா? வரவில்லை. ஆகவே டொக்டர் மேல் வழக்குப் போடுவது என்று அந்தப் புல்தரையிலேயே முடிவெடுத்தார்.

புறக்டர் சவுந்தரநாயகத்தின் கந்தோர் புதுக்கடையில் ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. வழக்கறிஞர்களில் சிலருக்கு வழக்கு ஒரு தொழில். சவுந்தரநாயகத்துக்கு அது பலகாரம்.

"வழக்கு என்ரை பேரிலைதான் வரவேணும்," என்றார் பாலசுந்தரம். "மனக்கஷ்டப்பட்டது நான்."

"ஆனால் காது உங்கடை இல்லையே."

"மனுசி என்ரைதானே."

புறக்டர் கூரையைப் பார்த்தார். கொஞ்சநேரத்தில் அவருடைய முகத்தில் வெளிச்சம் பரவியது. "பொறுங்கோ. நாங்கள் யாழ்ப்பாணத்தார். எங்களுக்குத் தேசவழமைச் சட்டம் இருக்கு. பொம்பிளை கொண்டுவந்தது சீதனம், அது அவவுக்கு. கலியாணத்துக்குப் பிறகு சேர்ந்தது தேடியதேட்டம், அதிலை ஆளுக்குப் பாதி. இந்தத் தழும்பு எப்ப வந்தது?"

"போன வருசம்."

"கலியாணத்துக்குப் பிறகு! அப்ப அது தேடியதேட்டம். தழும்பிலை பாதி சட்டப்படி உங்கடை. உங்கடை பாதித் தழும்புக்கு நீங்கள் வழக்குப் போடலாம்."

"எந்தப் பாதி?" என்று கேட்டார் பாலசுந்தரம். சத்தியமாக அப்படித்தான் கேட்டார்.

"வலது காது. அதுதான் பெரிசு. குடும்பத் தலைவர் எல்லோ நீங்கள்."

காதுகள் வந்தபோது பழுதில்லாமல் வந்தன என்று காட்டச் சீதன உறுதிப் பத்திரம் வேண்டும் என்றார் புறக்டர். பாலசுந்தரம் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை எழுதியவர் நொத்தாரிசு பொன்னம்பலம். இரண்டு சொல்லில் முடிகிறதை இருபது சொல்லில் எழுதாவிட்டால் அந்த மனிதருக்குத் தூக்கம் வராது. வீடு, வளவு, கிணற்றில் பங்கு எல்லாம் எழுதி, நகைக்கு வந்த இடத்தில், மணப்பெண்ணை முன்னால் நிறுத்திவைத்துப் பார்த்துப் பார்த்து இப்படி எழுதியிருந்தார்: 'மேற்படி பெண்ணின் காதும், மேற்படி காதில் கிடந்து தொங்குகின்ற தங்கத் தொங்கட்டானும், சோடி ஒன்று.'

சவுந்தரநாயகம் அதை மூன்றுதரம் வாசித்தார். கதிரையைவிட்டு எழுந்து நின்று நாலாம் தரமும் வாசித்தார். உறுதியில் காது எழுதப்பட்ட வழக்கு இலங்கையிலேயே இதுதான் முதல் வழக்கு என்று கையைத் தேய்த்துக்கொண்டார்.

புருஷனுக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்த நாகமுத்து கேட்டாள்: "ஐயா, அந்தப் போத்தலையும் கோட்டுக்குக் கொண்டருவினமோ?"

"கட்டாயம் அம்மா. சாட்சிப்பொருள் எல்லோ."

"அப்ப நானும் வாறன்," என்றாள் அவள்.

இப்போது கோட்டுக்கு வருவோம். ஜட்ஜ் துரை ஒரு வெள்ளைக்காரர், மெலிந்த மனிதர். பக்கத்தில் மொழிபெயர்க்கிற முதலியார். டொக்டருக்காக வந்தவர் அட்வகேட் ஸவாஹிர். அவர் சிரித்துக்கொண்டே கழுத்தை அறுக்கக்கூடியவர். முன் மேசையில் போத்தல் இருந்தது. மின்விசிறிக் காற்றில் கடதாசிகள் பறந்ததால் கோட்டுக் கிளாக்கர் போத்தலைத் தூக்கிக் கட்டின் மேல் பாரமாக வைத்தார். நாகமுத்து வாங்கைவிட்டு அரைவாசி எழுந்துவிட்டாள். கடதாசிக்குப் பாரம் வைக்கவா அம்மா ஐந்து வருஷம் ஊதினாள்?

சவுந்தரநாயகம் வழக்கைச் சொல்லி உட்கார்ந்ததும் ஸவாஹிர் எழுந்தார். இந்தப் பெண்ணின் சதையே பொங்குகிற சதை, டொக்டர் என்ன செய்வார் என்றார். நாகமுத்துவை முன்னுக்கு அழைத்து, சின்ன வயதில் அம்மை குத்திய இடத்தைக் காட்டச் சொன்னார். அங்கேயும் ஒரு மொச்சைக்கொட்டை அளவுத் தழும்பு. கோட்டுக் கிளாக்கர் அடிமட்டம் கொண்டுவந்து மூன்று தழும்புகளையும் அளந்தார். அளந்ததைச் சத்தமாக வாசித்தார். நாகமுத்து திரும்ப வாங்கில் வந்து இருந்தாள்.

"அதுதானே நாங்களும் சொல்லுகிறோம்!" என்று பாய்ந்தார் சவுந்தரநாயகம். "சதை சீதனம். ஆனால் அதில் வளர்ந்த தழும்பு கலியாணத்துக்குப் பிறகு வந்தது. சீதனக் காணியில் கலியாணத்துக்குப் பிறகு நட்ட தென்னைமரம் மாதிரி. தென்னையில் புருஷனுக்குப் பங்கு உண்டு!"

"தென்னையை நட்டது யார்?" என்றார் ஸவாஹிர்.

"டொக்டர் நட்டார்."

"அப்படியென்றால் தென்னை டொக்டருக்கல்லவா சேரவேண்டும்?"

ஜட்ஜ் துரை பேனையை வைத்துவிட்டு முன்னால் சாய்ந்தார். அவருக்கு எங்கேயோ ஒரு தென்னந்தோட்டம் இருந்ததாம். அது காய்க்கிற தென்னையா, காய்க்காத தென்னையா என்று கேட்டார். காய்க்காத மரத்துக்குச் சட்டம் வேறு என்றார். கோடு முழுவதும் திரும்பி நாகமுத்துவின் காதுகளைப் பார்த்தது. இரண்டு தடித்த புத்தகங்கள் கொண்டுவரப்பட்டன. ஒன்றரை மணித்தியாலம் தென்னை, ஒட்டு மாமரம், கள்ளு இறக்குகிற பனை என்று போனது. காது இரண்டும் விண்விண்ணென்று குத்த, நாகமுத்து போத்தலில் வைத்த கண் எடுக்காமல் இருந்தாள். இந்தப் படித்த மனிதர்கள் எல்லாருக்கும் புத்தி பேதலித்துவிட்டதோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. எனக்குச் சந்தேகமே இல்லை.

கடைசியில் ஸவாஹிர் மெதுவாகச் சம்மதக் கடதாசியை எடுத்தார்.

"இந்தக் கையெழுத்து உங்களுடையதா, மிஸ்டர் பாலசுந்தரம்?"

"ஓம்."

"எழுத்துப் பிழை திருத்தியதும் நீங்களே?"

"ஓம்," என்றார் பாலசுந்தரம், கொஞ்சம் பெருமையோடு.

"உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா?"

பாலசுந்தரம் டை முடிச்சைச் சரிசெய்தார். பெருமையெல்லாம் வடிந்துவிட்டது.

ஸவாஹிர் ஜட்ஜ் பக்கம் திரும்பினார். "என் நண்பர் காட்டிய உறுதிப்படி காது சீதனம். மனைவியின் சம்மதம் இல்லாமல் சீதனத்தைப் புருஷன் விற்க முடியாது, ஈடு வைக்க முடியாது, யாருக்கும் கொடுக்க முடியாது. இவர் வெட்டக் கொடுத்திருக்கிறார். பிழை செய்தவர் வழக்காளிதான்."

சவுந்தரநாயகம் துள்ளி எழுந்தார். "அப்படியென்றால் காது சீதனம் இல்லை! காதும் தேடியதேட்டம்!"

"எங்கே தேடினார்?" என்றார் ஸவாஹிர்.

கோடு சிரித்து அடங்க நேரம் எடுத்தது. ஜட்ஜ் துரையும் சிரித்ததாகத்தான் சொல்கிறார்கள், நான் ஆணையிட மாட்டேன். பிறகு அவர் தீர்ப்பைச் சொன்னார், முதலியார் அதைத் தமிழில் சொன்னார். உறுதிப்படி காது பெண்ணின் சீதனம். தழும்பில் வழக்காளி தன் பாதியைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் தானே வெட்டுவித்ததற்கு நட்டஈடு கேட்க முடியாது. டொக்டரும் தலையை நிமிர்த்த வேண்டாம். காதுக்காரியைக் கேட்காமல் கத்தி வைத்தது அவருடைய பிழை. ஆனால் காதுக்குச் சொந்தக்காரி வழக்குப் போடவில்லை, வழக்குப் போட்டவருக்குக் காது சொந்தமில்லை. வழக்குத் தள்ளுபடி.

எல்லாரும் எழுந்தார்கள். சாட்சிப்பொருட்களைக் கொண்டுவந்தவர்களே எடுத்துக்கொள்ளலாம் என்றார் கோட்டுக் கிளாக்கர். டொக்டர் றேமண்ட் போத்தலுக்குக் கையை நீட்டினார்.

"வையுங்கோ அதை!"

இவ்வளவு சத்தம் தன் தொண்டையில் இருந்ததா என்று நாகமுத்துவே பயந்துபோனாள். டொக்டரின் கை அந்தரத்தில் நின்றது. பாலசுந்தரம் அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தார். "நீர் பேசாமல் இரும்," என்றார். அவள் தலைப்பை உதறினாள். முதலியார் பதறிப்போய் ஜட்ஜ் துரையைப் பார்த்தார். சொல்லட்டும் என்று துரை கையைக் காட்டினார்.

"ஐயா, காலமை துவக்கம் எல்லாரும் என்ரை காதைப் பற்றித்தான் கதைச்சவை. என்னை ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. டொக்டர் கேக்கேல்லை. இவர் கேக்கேல்லை. நீங்களும் மூண்டு தழும்பையும் அளந்தியள், ஒண்டும் கேக்கேல்லை. காது என்ரை சீதனம் எண்டு நீங்களே இப்ப சொன்னியள். அப்ப வெட்டின துண்டும் என்ரை சீதனம்தானே? எங்கடை அம்மா ஊதி ஊதி வளத்த காது ஐயா அது. நான் கட்டையிலை போகேக்கை அதுவும் என்னோடை வரவேணும். அங்காலை அம்மா நிப்பா. காது எங்கையெண்டு கேட்டால் கொட்டாஞ்சேனை அலுமாரியிலை எண்டோ சொல்லுறது? எனக்குச் சல்லி வேண்டாம். போத்தலைத் தாங்கோ."

சொல்லி முடித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, நின்றபடியே அழுதாள். முதலியார் மூன்றுதரம் தொண்டையைச் செருமிவிட்டு மொழிபெயர்த்தார். அம்மா நிற்கிற இடத்தை எப்படிச் சொன்னாரோ தெரியாது, ஜட்ஜ் துரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உள்ளே இருப்பது இந்த அம்மாவுடையது, கொடுத்துவிடுங்கள் என்றார்.

"போத்தலும் ஸ்பிரிட்டும் என்னுடையது, யுவர் ஒனர்," என்றார் டொக்டர் றேமண்ட்.

ஜட்ஜ் துரை அவரை ஒரு பார்வை பார்த்தார். போத்தலும் ஸ்பிரிட்டும் மறுபேச்சில்லாமல் கைமாறின.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது. சாட்சிப்பொருளைப் பெற்றுக்கொண்டதற்குப் பதிவுப்புத்தகத்தில் கையெழுத்து வேண்டும். கோட்டுக் கிளாக்கர் பழக்கதோஷத்தில் புத்தகத்தைப் பாலசுந்தரத்தின் முன்னால் திருப்பிவைத்தார். பாலசுந்தரமும் பழக்கதோஷத்தில் பேனையைத் திறந்துகொண்டு குனிந்தார்.

"இஞ்சாருங்கோ," என்றாள் நாகமுத்து. "பேனையைத் தாங்கோ."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய முகத்தில் என்ன கண்டாரோ, பேனையைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். பேனையை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு எழுத்தாக, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். 'து'வுக்கு வால் போடுகையில் மை கொட்டியது. கோட்டுக் கிளாக்கர் மையொற்றும் தாளை எடுத்து ஒற்றினார்.

மருதானை வரைக்கும் நடந்துபோய் ரயில் ஏறினார்கள். நாகமுத்து யன்னலோரம் இருந்து போத்தலைச் சேலைத் தலைப்பால் சுற்றி மடியில் வைத்திருந்தாள். பாலசுந்தரம் அவளுடைய வலப்பக்கத்தில் குடையைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். கோட்டையில் ஏறிய ஒரு கந்தோர்க்காரர் எதிரில் வந்து இருந்தார். தலைப்பு விலகிய இடத்தில் போத்தலைக் கண்டுவிட்டார்.

"என்ன பாலசுந்தரத்தார், ஊறுகாயோ?"

"இல்லை," என்றார் பாலசுந்தரம். "எங்கடை சீதனச் சாமான்."

"என்ரை," என்றாள் நாகமுத்து.

பாலசுந்தரம் குடைப்பிடியைத் திருகினார். "ஓம். அவவின்ரை."

அந்தக் கந்தோர்க்காரர் கொள்ளுப்பிட்டியில் இறங்கிப்போய்விட்டார். பம்பலப்பிட்டியும் வந்தது. கடற்காற்று யன்னலால் அடித்து, இழுத்துவிட்ட மயிரைக் காதிலிருந்து விலக்கியது. பலாக்கொட்டைத் தழும்பு பாலசுந்தரத்தின் பக்கமாகத்தான் இருந்தது. அவர் அதை இவ்வளவு கிட்டத்தில் இதுவரை பார்த்ததில்லை. பார்த்தார், வேறு பக்கம் திரும்பினார், மறுபடி பார்த்தார்.

"நோகுதோ?" என்று கேட்டார்.

வெட்டி ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. அந்தக் கேள்வியை அவர் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஓம்," என்றாள் நாகமுத்து. "உங்கடை பாதிதான் கூட நோகுது."

ரயில் வெள்ளவத்தையில் நின்றது. அவர் முதலில் இறங்கி, போத்தலை வாங்குவதற்கு இரண்டு கையையும் நீட்டினார். அவள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் மறந்துவிட்டு இறங்கிய குடையை எடுத்து அந்தக் கைகளில் கொடுத்தாள்.